தரையில் நான்கு ஓட்டைகள்

நான் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த படகுக் கூடத்தில் இப்போது வேலை முறையை மாற்றுகிறார்கள். கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, ரெசின் என்னும் பிசினைத் தூரிகையால் தடவி, ரோலரை உருட்டிக் காற்றை வெளியேற்றும் பழைய முறை இனி இல்லை. பாயின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ரெசினைக் குழாய் வழியாக இழுத்துக்கொள்ளப் போகிறார்கள். நல்ல முறைதான். புகை குறையும், கைக்கு அரிப்பு வராது. நான் இருந்தபோதே வந்திருக்க வேண்டும்.

அந்த மாற்றத்துக்குப் பொறுப்பான பொறியாளர் பிரியா சென்ற மாதம் செங்கல்பட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்றார்.

"எதைப் பத்தி எழுதணும்?"

"நீங்க செஞ்ச தப்பைப் பத்தி சார். சரியா செஞ்சதெல்லாம் ஃபைல்லயே இருக்கு."

கேட்டு முடித்தவர், எங்கள் வீட்டு முகப்பில் நின்ற காரைச் சுற்றி வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிய, பழைய ஸ்போர்ட்ஸ் கார். "இதுவும் கட்டுரையில வருமா சார்?" என்றார்.

"இது இல்லாம அந்தக் கட்டுரை முடியாது" என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்தொரு நாட்குறிப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. அன்றைய வெயில், காற்றின் ஈரம், எந்தப் பீப்பாய் ரெசின், இறுக்கும் மருந்து எத்தனை மில்லி, எத்தனை நிமிடத்தில் இறுகியது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை. கீழே வருபவை நினைவிலிருந்து எழுதியவை அல்ல. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியவை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, செங்கல்பட்டு பஜாரில் குடைக்கடை. நான் டிப்ளமா முடித்தேன். சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் படகுக் கூடத்தில் சேர்ந்தேன். முதல் ஆண்டு முழுவதும் அச்சுக்கு மெழுகு தேய்த்தேன். இரண்டாம் ஆண்டு ரோலர் பிடித்தேன். மூன்றாம் ஆண்டு வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, ஒரு பேனாவையும் பதிவேட்டையும் கொடுத்தார். அன்றிலிருந்து மேற்பார்வையாளன்.

வரதராஜன் சார் எங்கள் தயாரிப்பு மேலாளர். குள்ளமான மனிதர். அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பழைய கனமான ஒரு ரூபாய் நாணயம். அந்த நாணயம் செலவுக்கு அல்ல. படகு அச்சிலிருந்து வெளியே வந்ததும், முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்கம் வரை, ஒரு சாணுக்கு ஒருமுறை அந்த நாணயத்தால் தட்டிக்கொண்டே நடப்பார். அடுக்குகள் ஒட்டியிருந்தால் 'டிங்' என்று கேட்கும். உள்ளே காற்று இருந்தால் 'தொப்' என்று கேட்கும். 'தொப்' கேட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த சாணுக்குப் போய்விடுவார். யார் செய்தது என்று கேட்க மாட்டார். பதிவேட்டில் அது இருக்கும்.

அவர் அதிகம் கேட்ட கேள்வி "எழுதிட்டியா?" என்பதுதான். "செஞ்சிட்டியா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை.

ரெசினில் இரண்டு மருந்துகள் சேரும். ஒன்று ஊதா நிறத்தில் இருக்கும், இறுகுவதை வேகப்படுத்தும். மற்றொன்று தண்ணீர் போல இருக்கும், அதுதான் இறுக வைக்கும். ஊதாவை முதலில் ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும், பிறகுதான் இரண்டாவது. ரெசின் இல்லாமல் இவை இரண்டும் நேராகச் சந்தித்தால் தீ. ஆகவே சார் ஊதாவைக் கூடத்தின் கிழக்கு மூலையிலும், மற்றதை மேற்கு மூலையிலும் வைத்தார். இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி அளவுக் குவளை. கிழக்கு ஆள் மேற்கே வரக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இருவரும் ஒன்றாக உட்காரலாம் என்று கேலி பேசுவோம்.

பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அதுவும் மெல்லிய கோடு, அடியிலிருக்கும் எழுத்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "தப்பு தெரியணும்" என்பார். "தெரியலைன்னா அடுத்தவன் அதே எடத்துல விழுவான்."

இனி மாசிலாமணியின் படகு. வேலையில் என் கஷ்டமான நாள் அது.

மாசிலாமணி கொக்கிலமேட்டு மீனவர். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கூட்டாளிகள் இல்லாமல் தனக்கென்று வாங்கும் முதல் படகு. மழைக்காலம் முற்றுவதற்குள் வேண்டும் என்று தினமும் சைக்கிளில் வந்து நிற்பார். எங்கள் படகுகளில் பின்பக்கம் மிதவை அறை ஒன்று உண்டு. அதில் தெர்மோகோல் போன்ற நுரைப் பலகைகளை அடுக்கி, மேலே மூடி வைத்து, மூடியின் விளிம்பை இழைப்பாயால் ஒட்டிவிடுவோம். படகு கவிழ்ந்தாலும் அந்த அறை அதை மிதக்க வைக்கும். ஒட்டிய பிறகு அதைத் திறக்க முடியாது.

ஐப்பசி. முதல் நாள் பெய்த மழையில் கூரைத் தகடு ஒழுகியிருந்தது. நான் அறையின் மேல் வரிசைப் பலகைகளைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தன. கீழ் வரிசையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வாசலில் மாசிலாமணி நின்றுகொண்டிருந்தார். பதிவேட்டில் "அறை உலர்ந்தது, மூடப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாட்களுக்குப் பிறகு படகு முடிந்தது. மாசிலாமணி மனைவியோடும் தம்பிகளோடும் வந்துவிட்டார். மாலை, எலுமிச்சம்பழம், மஞ்சள், கற்பூரம் எல்லாம் தட்டில் இருந்தன. எடுத்துப் போவதற்கு முன் ஒவ்வொரு படகையும் சங்கிலிக் கப்பியில் தூக்கி எடை பார்ப்பது வழக்கம். படகு இருக்க வேண்டிய எடையைவிடப் பதினான்கு கிலோ கூடுதலாக இருந்தது.

சார் தராசைப் பார்த்தார். பதிவேட்டைக் கேட்டார். பக்கத்தைப் படித்தார். என் கையெழுத்தின் மேல் அவர் விரல் சிறிது நேரம் இருந்தது. பிறகு நாணயத்தை எடுத்து மிதவை அறையின் அடியைத் தட்டினார். 'டிங்'கும் இல்லை, 'தொப்'பும் இல்லை. குடத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம்.

"சலீம், டிரில்லிங் மெஷின எடுத்துக்கினு வா."

எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீ போடு" என்று சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்.

பாலிஷ் போட்ட புதுப் படகு. பக்கத்தில் கற்பூரத் தட்டு. நான் துளை போட்டேன். மரத்தூள் போல வெள்ளைத் தூள் வந்தது. பிறகு தண்ணீர். பாசி வாடையோடு, நிற்காமல், ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளியில் பாதிவரை வந்தது.

மாசிலாமணி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய், நான் போட்டுக்குத்தான காசு குட்த்தேன். தண்ணி எதுக்கு உள்ள வெச்சு குடுக்குற? அது அங்கியே நெறையா கீது."

அவர் மனைவி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. படகை மறுபடி அறுத்துத் திறந்து, உலர்த்தி, மூடிக் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. சார் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டை என் முன் வைத்தார். "உலர்ந்தது" என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். "உலரவில்லை. பார்க்காமல் எழுதப்பட்டது" என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு எந்த மூடியையும் கீழ் வரிசை பார்க்காமல் நான் மூடியதில்லை. அதோடு விடவில்லை. தண்ணீர் உள்ளே போகக்கூடிய எந்த இடத்தையும் விட்டு வைக்கவில்லை. ஊசி நுழையும் துவாரம் இருந்தாலும் அடைத்தேன். ஒவ்வொரு படகையும் தருவதற்கு முன் கூடத்திலேயே அதற்குள் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காத்திருந்து, வெளியே எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் வழக்கத்தைக் கொண்டு வந்தேன். என் காலத்தில் எங்கள் படகு ஒன்றுகூடக் கசிந்ததாகத் திரும்பி வரவில்லை. 'அடைப்பு பாய்' என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் இந்தக் கட்டுரையின் இரண்டாம் பாதி.

ஓய்வு பெற்ற ஆண்டே அந்தக் கார் வந்தது. மாமல்லபுரம் சாலையில் விடுதி நடத்திய ஒருவர் அதைச் சவுக்குத் தோப்பில் நிறுத்தி மறந்துவிட்டிருந்தார். சிவப்பு நிறம் வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது, எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். பழைய கார் மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் விரலால் சுண்டினேன். 'டிங்' என்றது. இரும்புச் சட்டத்தின் மேல் வைத்த கண்ணாடி இழை உடம்பு. என் படகுகளின் உறவுக்காரன் கார் வடிவத்தில் வந்து நின்றது போல இருந்தது.

லாரியிலிருந்து காரை இறக்கியபோது என் மனைவி ஜரினா வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, ஏறணும்னா படுத்துக்கினுதான் ஏறணும் போலகீது."

"சரி பண்ணிடுவேன்."

"எப்ப?"

காரின் பதிவுக் காலம் அடுத்த மார்கழியில் முடிகிறது. அதற்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதி பெற்றால்தான் புதுப்பிக்க முடியும். இல்லையென்றால் பழைய இரும்புக்குத்தான் போகும் என்று சொன்னேன். அவள் யோசித்தாள். முகப்பு அவள் துணி காயப்போடும் இடம்.

"மார்கழி வரைக்கும் நான் மாடிக்குப் போறேன். பாஸாச்சுன்னா நிக்கட்டும். இல்லன்னா அடுத்த நாளே கொடி கட்டிடுவேன்."

எஞ்சினும் பிரேக்கும் எனக்குத் தெரியாத வேலை. அவற்றைப் பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். உடம்பு என்னுடையது. காலை எட்டு மணிக்கு முகக்கவசம் போட்டு உட்காருவேன், பதினொன்றுக்கு எழுந்துவிடுவேன். வெடிப்புகளைச் சரிவாகத் தேய்த்து, சின்னப் பாய், அதைவிடப் பெரிய பாய், அதற்கும் பெரியது என்று அடுக்கினேன். ஊதா மருந்து முகப்பின் கிழக்கு மூலையில் இருந்தது. மற்றது சமையலறைத் தாழ்வாரத்தில். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அதை அளந்து கொடுக்கும் பொறுப்பு ஜரினாவுக்கு. "பத்து மில்லி" என்று நான் குரல் கொடுத்தால், "எழுதிட்டீங்களா?" என்று அங்கிருந்து கேட்பாள். வரதராஜன் சாரை அவள் மூன்று முறைதான் பார்த்திருப்பாள். அந்தக் கேள்வி எப்படியோ எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது.

காரை அவளுக்காகச் சில இடங்களில் மாற்றினேன். முழங்கால் வலிக்காமல் உட்கார அவள் இருக்கையை மூன்று அங்குலம் உயர்த்தினேன். ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ள, படகில் வைக்கும் கைப்பிடி ஒன்றைக் கதவுத் தூணில் பதித்தேன். இருக்கைகளுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பாத்திரம் கவிழாமல் நிற்கும்படி ஒரு பெட்டி. நிறத்தை அவள்தான் சொன்னாள். "நீலம் மட்டும் வேணாம். கடக்கர முழுக்க நீலம்தான்." பாதி பழுத்த மாங்காயின் மஞ்சள் கலந்த பச்சை வேண்டும் என்றாள். நிற மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கி அடித்தேன்.

பங்குனி மாதத்து நாட்குறிப்பில் ஒரு பக்கம் இருக்கிறது. கார் தரையின் பழைய விரிப்பை உரித்த நாள். அதை அப்படியே தருகிறேன்: "தரையில் நான்கு ஓட்டைகள். ஒவ்வொன்றும் முக்கால் அங்குலம். முன் இரண்டு: நடுக்கோட்டிலிருந்து இடம் பதினொன்றரை, வலம் பதினொன்றரை. பின் இரண்டு: இடம் பதின்மூன்று, வலம் பதின்மூன்று. கதவுகளின் அடியில் தலா மூன்று சிறு ஓட்டைகள். அனைத்தும் அடைக்கப்பட்டன. ஐந்து அடுக்கு."

படகிலும் வடிகால் துளை உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். படகில் ஒன்றே ஒன்று, பின்பக்கம் இருக்கும். அதற்கு அச்சிலேயே ஒரு வளையம், திருகி மூட ஒரு மூடி. இந்த ஓட்டைகளுக்கு வளையமும் இல்லை, மூடியும் இல்லை. ஆகவே யாரோ எதற்காகவோ போட்டுவிட்டு மறந்த ஓட்டைகள் என்று தீர்மானித்தேன். அடைப்பு பாய்க்கு நான்கு ஓட்டைகள் கிடைத்தால் என்ன செய்வான்? அடைத்தேன். சுண்டினால் 'டிங்' என்றது.

கார்த்திகையில் கார் ஏறக்குறைய முடிந்தது. துணிக்கூரை மட்டும் தையல்காரரிடம் இருந்தது. ஒவ்வொரு படகுக்கும் செய்ததை இதற்கும் செய்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, குழாயைப் போட்டுக் கார் தரையில் நான்கு விரல் உயரம் தண்ணீர் நிரப்பினேன். அடியில் செய்தித்தாள் விரித்தேன். ஒரு மணி நேரம். தாளில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஜரினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே நேரத்தில் மாசிலாமணியும் வந்தார். அந்தப் படகு நாளுக்குப் பிறகு அவர் என் நண்பராகிவிட்டார். செங்கல்பட்டுக்கு வந்தால் வஞ்சிரமோ சங்கராவோ கொண்டு வராமல் இருக்க மாட்டார். இருவரும் கதவின் மேல் குனிந்து பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு ஒழுகல" என்றேன்.

"சரிங்க" என்றாள் ஜரினா. "இப்ப இந்தத் தண்ணி எப்டி வெளிய போவும்?"

கூடத்தில் படகைக் கப்பியில் சாய்த்துக் கொட்டுவோம். இங்கே கப்பி இல்லை.

மாசிலாமணி மீன் பையைக் கீழே வைத்தார். "போட்டு சோக்கா கீது பாய். வல எப்ப ஏத்தறது?"

ஜரினா குளியலறையிலிருந்து பச்சை மக்கைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். மொண்டு ஊற்றி, கடைசியில் துணியால் ஒற்றி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாசிலாமணி ஒரு டீ குடித்துவிட்டு, போகும்போது சொன்னார்: "உள்ள வெச்சே குடுக்கறது உனுக்கு பழக்கமாப் பூட்ச்சி."

எனக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்று சொன்னால் பொய், ஒப்புக்கொள்ளவில்லை. கூரை வந்துவிட்டால் தண்ணீரே உள்ளே வராது, பிறகு எதற்குத் துளை என்று இருவருக்கும் விளக்கினேன். ஐந்து அடுக்குப் போட்டு, தேய்த்து, மெழுகுபோல் வழவழப்பாக்கிய தரையில் நானே துளை போடுவதா? நாட்குறிப்பில் "நீர்ச் சோதனை: தேர்ச்சி" என்று எழுதினேன்.

தகுதிச் சோதனைக்கு எட்டு நாள் இருந்தபோது மெக்கானிக், வண்டியை ஒருமுறை நீளமாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வானம் தெளிவாக இருந்தது. ஜரினா தானே வந்து ஏறிக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்து ஏறியபோது அவள் "ம்" என்றதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் வரை போனோம். மலைக்கோயில் தெரியும் இடத்தில் வண்டியைத் திருப்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடம். கூரை இல்லாத கார். ஜரினா அத்தா கடைக் குடையை விரித்தாள். அது காற்றில் மேல்நோக்கி மடங்கியது. கால் மணி நேரத்தில் தரையில் தண்ணீர் சேர்ந்தது. நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். கல்பாக்கம் ஊழியர்களை ஏற்றிப் போகும் பேருந்து ஒன்று முன்னால் நின்றது. பிரேக்கை மிதித்தேன்.

அந்த நொடியை என்னால் சரியாக எழுத முடியும், ஏனென்றால் அன்று மாலையே எழுதிவிட்டேன். கார் வேகம் குறைந்ததும் தரையிலிருந்த தண்ணீர் முழுவதும் முன்னால் ஓடி வந்தது. என் கால் மூழ்கியது. ரப்பர் செருப்பு பிரேக் மிதியிலிருந்து வழுக்கியது. மறுபடி மிதித்தேன், மறுபடி வழுக்கியது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலால் மூன்றாவது முறை மிதித்தபோது கார் நின்றது. பேருந்தின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கை அகலம். பேருந்தில் கடைசி இருக்கையில் இருந்தவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார், பிறகு செய்தித்தாளுக்குத் திரும்பினார்.

ஜரினா மடங்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாஸாவட்டும், ஆவாம போவட்டும்" என்றாள் பிறகு. "இந்தத் தண்ணியோட இதுல நான் இனிமே ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

"தொள போட்டா ஒட்டுனதெல்லாம் வீணாப் போயிடும்."

"போவட்டும். நீங்க இருக்கணும் இல்ல?"

மழை விட்டதும் ஓரமாக நிறுத்தினோம். பின்பக்கப் பெட்டியில் எதையோ தேடினாள். அந்தப் பச்சை மக்கு. கிளம்பும்போது அவள் அதைக் கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. இருவரும் மாறி மாறி மொண்டு ஊற்றினோம்.

வீட்டுக்கு வந்து பங்குனிப் பக்கத்தைத் திறந்தேன். அடைத்த ஓட்டைகளின் அளவுகள் அங்கே இருந்தன. இடம் பதினொன்றரை, வலம் பதினொன்றரை. இடம் பதின்மூன்று, வலம் பதின்மூன்று. என் கையெழுத்துதான். மறதியில் யாரோ போட்ட ஓட்டை இரண்டு பக்கமும் அங்குலம் மாறாமல் இருக்குமா? அதைச் செய்தவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். நான் அளந்தேன், எழுதினேன், எழுதியதைப் படிக்கவில்லை. மாசிலாமணியின் படகில் பார்க்காமல் எழுதினேன். இதில் எழுதிவிட்டுப் பார்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதே அன்று சார் சொன்ன பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் துளையைத்தான் போடச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டிரில்லிங் மெஷினை எடுத்தேன். அடியில் இரும்புச் சட்டமும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று படுத்துப் பார்த்து, நாட்குறிப்பின் அளவுப்படி நான்கு புள்ளிகள் வைத்தேன். ஜரினா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். முதல் துளையில் வெள்ளைத் தூள் வந்தது, பிறகு கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. நான்காவது துளைக்குப் பிறகு கதவடித் துளைகள் ஆறும் எளிதாக முடிந்தன. துளைகளின் விளிம்பில் ஈரம் ஏறாமல் ரெசின் தடவ வேண்டும். "ரெண்டு மில்லி" என்றேன். "எழுதிட்டீங்களா?" என்றாள்.

தகுதிச் சோதனைக்கு முந்தின நாள் துணிக்கூரை வந்தது. அலுவலகத்தில் ஆய்வாளர் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைத் தேய்த்துப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், ஓட்டி நிறுத்தச் சொன்னார். கார் நேராக நின்றது. பிறகு கதவைத் திறந்து விரிப்பைத் தூக்கினார்.

"இன்னா சார் இது, அடியில தொள?"

"தண்ணி போறதுக்கு சார்."

"கம்பெனி போட்டதா?"

"கம்பெனி போட்டது சார். நான் அடைச்சேன். அப்புறம் நானே போட்டேன்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். "முதல்ல இருந்த மாதிரியே இருக்குல்ல?" என்றார்.

"அங்குலம் மாறல சார்."

விரிப்பை விட்டுவிட்டுத் தாளில் எழுதினார். புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

ஜரினா கொடியை மாடியிலேயே விட்டுவிட்டாள். அந்த வாரக் கடைசியில் மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் தூறல், பிறகு நல்ல மழை. துணிக்கூரையின் தையல் ஒன்று அவள் பக்கம் ஒழுகியது. தையல்காரர் என்னைப் போல அடைப்பதில் ஆர்வமுள்ளவர் அல்ல. ஜரினா இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டாள். சற்று நேரம் கழித்துக் குனிந்து தரையைப் பார்த்தாள். சொட்டிய தண்ணீர் சரிந்து ஓடி முன்துளையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கால்களைக் கீழே வைத்தாள்.

அன்று எழுதிய குறிப்பையும் தருகிறேன், பிரியா கேட்டது அதுதான். பங்குனிப் பக்கத்தில் "அனைத்தும் அடைக்கப்பட்டன" என்பதன் மேலும், கார்த்திகைப் பக்கத்தில் "தேர்ச்சி" என்பதன் மேலும் ஒரு மெல்லிய கோடு. கீழே: "அடைத்தது தவறு. அதே இடங்களில் அனைத்தும் மறுபடி போடப்பட்டன. நீர்ச் சோதனை: தண்ணீர் வெளியே போகிறது."

கடற்கரைக்குப் போகும் வழியில் மழை விட்டது. வேர்க்கடலை வேகவைத்து விற்கும் வண்டி நின்றது. தாள் எல்லாம் நனைந்துவிட்டது, பொட்டலம் மடிக்க முடியாது என்றார் கடலைக்காரர்.

ஜரினா பின்னால் கை விட்டுப் பெட்டியைத் திறந்து பச்சை மக்கை எடுத்து நீட்டினாள். "இதுல போடுங்கண்ணே" என்றாள். "இப்ப இது சும்மாதான் கீது."